டொக்கு அக்கா திருத்திய தெரு

தெருவில் நடப்பவர்களைக் காரால் மோதிச் சாய்க்கும் ஒரு கணினி விளையாட்டைச் செய்தவர் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கண் சிவந்திருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவாரா? இதோ, வாகன நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் காரை விரல் முட்டியால் தட்டி, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். வயது நாற்பத்தேழு. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு, கைப்பைக்குள் தேடுகிறவர்.

"ஏம்மா, என் வண்டிய என்ன பண்றீங்க?" என்று காரின் சொந்தக்காரர் ஓடி வருகிறார்.

"ஒண்ணும் பண்ணலைங்க. கேட்டுட்டு இருக்கேன். தகடு ரொம்ப மெலிசு. சைக்கிள் சாஞ்சாக்கூட உள்ள போயிடும், பாத்துக்குங்க."

வாங்கி ஒரு மாதமே ஆன கார் அது. சொந்தக்காரரின் முகம் போன போக்கைப் பற்றி அக்காவுக்குக் கவலையில்லை. அடுத்த காருக்கு நகர்ந்துவிட்டார்.

தகடு நசுங்கிய இடத்தை டொக்கு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஒரு கார் இன்னொன்றில் இடித்தால் எங்கே டொக்கு விழும், எவ்வளவு ஆழமாக விழும், எந்த மடிப்பு முதலில் கிழியும் என்று கணக்கிட்டுக் கணினிக்குச் சொல்லித் தருவது இவர் தொழில். அதனால் அலுவலகத்தில் பெயர் டொக்கு அக்கா. மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் பழைய கார்க் கதவுகள் எட்டு, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் வாங்கி, சுத்தியலால் அடித்து அடித்துப் பார்த்தவை. கீழே மெத்தைக் கடைக்காரர் ஆரம்பத்தில் சண்டைக்கு வந்தார். இப்போது, சத்தம் கேட்காத நாளில் மேலே வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஓட்டக் கத்துக்கவே இல்லைங்க. இடிக்கத்தான் தெரியும்" என்பார் சிரிக்காமல். வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடப் பணியில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர்.

"நான் ஆயுசு பூரா இடிக்காதத நீ காலைல பத்து மணிக்குள்ள இடிச்சுடுற," என்பார் அவர், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

"நீங்க ஒரு தடவையாவது இடிச்சுட்டு வந்தீங்கன்னா எனக்கு உபயோகமா இருக்கும். எப்பவும் அடுத்தவங்க வண்டியவே பாத்துட்டு இருக்கேன்."

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்கம்மா."

"என் ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க."

'மோதுகளம்' என்ற அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூரையில் துப்பாக்கி வைத்த கார்கள், சக்கரத்தில் கத்தி செருகிய லாரிகள் ஒன்றையொன்று துரத்தி நொறுக்கும். எதிரியின் வண்டியை உடைத்தால் புள்ளி. தெருவில் நடப்பவரை மோதினாலும் புள்ளி. எதிரியை உடைப்பதைவிடக் குறைவு. இதை நல்ல விளையாட்டு என்று சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் கை பரபரத்தது, அடுத்த கால் மணி நேரத்தில் அலுத்துப்போனது. ரத்தத்தைவிடத் தகடு மடங்கும் விதத்தைத்தான் என் கண் பார்த்தது. அவ்வளவு நேர்த்தி. மற்றபடி, வீட்டுக்குள் பிள்ளைகள் இதை நாள் முழுக்க ஆடினால் திரையை அணைக்கச் சொல்லும் கட்சிதான் நானும். ஆனால் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அந்த மரியாதையை இந்த விளையாட்டைத் திட்டிய பெரியவர்களில் ஒருவர்கூடச் செய்யவில்லை.

மூன்றாவது கட்டத்துக்கு ஒரு தெரு தேவைப்பட்டது. அக்கா வெகுதூரம் போகவில்லை. அலுவலக ஜன்னலைத் திறந்தால் தெரிகிற சந்தியையே எடுத்துக்கொண்டார். நான்கு வழிச் சாலை, வளைந்து வரும் திருப்பம், அதையொட்டி நடப்பவர்கள் கடக்கும் வெள்ளைக் கோடுகள், திருப்பத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஆறு ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. ஐந்து மாதம், வாரத்தில் மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து பத்து வரை அந்த நடைபாதையில் நின்றார். கையில் நிறுத்துக் கடிகாரம், கோடு போட்ட நோட்டு. யார் எவ்வளவு நேரத்தில் கடக்கிறார்கள், ஹாரன் கேட்டால் ஓடுகிறார்களா, அப்படியே நின்றுவிடுகிறார்களா, பின்னால் போகிறார்களா என்று ஒவ்வொன்றாக எழுதினார். பெயர் தெரியாதவர்களுக்கு அவரே பெயர் வைத்தார். 'குடை விட்டுட்டுப் போறவர்', 'செல்போன் தம்பதி', 'கோவக்கார வாத்தியார்'. ஒன்பதே காலுக்குத் தினமும் கடந்த ஒரு பெண்மணிக்கு 'டேப்' என்று பெயர். எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்பி வருவார். இடது காலை லேசாக இழுத்து நடப்பார். நோட்டில் அவருக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம்.

அந்த நடைகளெல்லாம் விளையாட்டுக்குள் போயின. நாடாவும் போனது. கேட்டு வாங்கவில்லை. "அது தப்புத்தாங்க. சட்டையத் திருடுனா போலீஸ் புடிக்கும். நடைய எடுத்தா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்," என்று அக்காவே இப்போது சொல்கிறார். இந்தத் தவறை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவரை நாடே திட்டியது இதற்காக அல்ல.

சோதனைக்கு விட்டபோது சிக்கல் ஆரம்பித்தது. ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே நிறுவனத்தில் இரண்டு பேர் உண்டு. இருவரும் ஒரே குறையை எழுதினார்கள்: மூன்றாவது கட்டத்தின் தெருவில் யாரையும் இடிக்காமல் போக முடியவில்லை.

"அக்கா, உங்க கணக்குல எங்கயோ கோளாறு. சும்மா ஓரமா, அமைதியா, சட்டப்படி ஓட்டுறேன். அப்பவும் ஆளு விழுறாங்க. பாயிண்ட் தானா ஏறுது. இதுல என்ன திறமை இருக்கு?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வாரம் தன் கணக்கைத் தானே துருவினார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிழை இல்லை. பிறகு நோட்டை எடுத்தார். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒருவருக்குச் சராசரியாகப் பதினோரு விநாடி, 'டேப்'புக்குப் பதினான்கு. அனுமதிக்கப்பட்ட வேகத்தில் வரும் வண்டி பலகைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டுக் கோட்டைத் தொட மூன்றே விநாடி. சரக்கு ஏற்றிய வண்டி அதற்குள் நிற்காது. ஈரத் தரையாக இருந்தால் ஏற்றாத வண்டியும் நிற்காது. ஆக, விளையாட்டில் இருந்த கோளாறு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அக்கா அந்தத் தெருவை அவ்வளவு சரியாக நகலெடுத்திருந்தார்.

இந்த இடத்தில் அவர் செய்ததை வேறு எந்தத் தொழில்காரராலும் செய்திருக்க முடியாது. விளையாட்டுக்குள் பலகையை இருபது அடி பின்னால் தள்ளி வைத்தார். சாலையின் நடுவில், நடப்பவர் நின்று மூச்சு வாங்க ஒரு சின்ன மேடை கட்டினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் விழவில்லை.

"சூப்பர் அக்கா! இப்ப வேணும்னு இடிச்சாத்தான் விழுறாங்க," என்று சோதிக்கிறவர்கள் கைதட்டினார்கள். அக்கா கணினியில் அந்தக் கோப்பினை மூடினார். பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு, சரிசெய்யப்பட்டது என்று எழுதிவிட்டு, அதே ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். வெளியே பலகை அதே இடத்தில் இருந்தது.

விளையாட்டு வெளிவந்து ஒன்பதாவது மாதம், ஒரு மழைக்காலைப் பொழுதில், பார்சல் ஏற்றி வந்த வேன் தையல்காரப் பெண்மணியை அந்தக் கோட்டின்மேல் மோதியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் என் ரத்தம் கொதிக்கிறது. விளையாட்டை ஆடிய ஒருவர் அந்தத் தெருவையும் நாடா போட்ட உருவத்தையும் அடையாளம் கண்டு படம் எடுத்துப் பரப்பினார். மாலைக்குள் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதே படம். 'கொலையைக் கற்றுக்கொடுத்த விளையாட்டு' என்று சிவப்பு எழுத்து. வேன் ஓட்டுநருக்கு வயது ஐம்பத்தாறு. "எனக்கு போனை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும். விளையாடல்லாம் தெரியாதுங்க," என்று அவர் காவல் நிலையத்தில் அழுததை ஒரே ஒரு பத்திரிகை ஆறாம் பக்கத்தில் போட்டது. அவருடைய வண்டி அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டவில்லை. இதையும் அந்த ஆறாம் பக்கம்தான் சொன்னது. முதல் பக்கத்துக்கு இந்த விவரங்கள் தேவைப்படவில்லை. அங்கே குற்றவாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டார்.

விளையாட்டு நிறுவனத்தின் முதலாளி முப்பது வயதுக்காரர். அவருக்குக் கவலையே இல்லை. "திட்டட்டும் அக்கா. திட்டத் திட்டத்தான் விக்குது. நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. அந்தத் தெருவுல குறை இருக்குன்னு நமக்கு முன்னாடியே தெரியும்னு வெளிய வந்துச்சு, நாம காலி." விற்பனை உண்மையிலேயே ஏறியது.

விசாரிக்க அரசு ஒரு குழு போட்டது. ஐந்து பேர். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. அக்கா நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். முதலாளி சொன்னதைக் கேட்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அவர்கள் கேட்ட முதல் கேள்வி:

"ரத்தத்துக்கு எதுக்கும்மா அவ்வளவு சிவப்பு?"

"ரத்தம் சிவப்புத்தானேங்க சார்."

"எதிர்த்துப் பேசாதீங்க. நீங்க ஒரு தாயா?"

"இல்லைங்க. இஞ்சினியர்."

"அதான்," என்றார் ஒருவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து. பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். ஒரு பெண்ணின் கருப்பையில்தான் அவள் மனசாட்சி இருக்கிறது என்று நம்பும் மனிதர்களிடம் நாம் பொது விவகாரங்களை ஒப்படைத்திருக்கிறோம்.

அக்கா நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். "சார், அந்தப் பலகை இருக்குல்ல, அத எடுத்தா…"

"பலகை எங்க விசாரணை வரம்புக்குள்ள வராதும்மா."

மூன்று அமர்வுகள் நடந்தன. அந்தச் சந்தி அவர்கள் கூடிய கட்டடத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. முடிவில் தீர்ப்பு வந்தது. விளையாட்டில் மனிதர்களுக்குப் பதிலாகப் பேய்கள் நடக்க வேண்டும். ரத்தம் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் தாராளமாக விற்கலாம்.

படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். இல்லாத பேயைப் பிடித்து வந்து தெருவில் நடக்கவிட்டால் ஒழுக்கம் காப்பாற்றப்பட்டுவிடும். இருக்கிற பலகையைத் தொடுவது மட்டும் வரம்புக்குள் வராது! மந்திரவாதியிடம் தாயத்து வாங்கிக் கட்டிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தாயத்துக் கட்டுகிறவராவது வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் உட்கார்ந்து மூன்று அமர்வு நடத்துவதில்லை.

"மாத்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று அக்காவைக் கேட்டேன்.

"பச்சைக்கு ரெண்டு நம்பரை மாத்தணும். பேய்க்குக் கண்ணைக் குழியாக்கி, தோலைச் சாம்பலாக்கணும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுதுங்க. நடையெல்லாம் அதேதான்." கூடவே சொன்னார்: "டேப்பை மட்டும் டிவியில வந்த அன்னைக்கே எடுத்துட்டேன்."

தீர்ப்பு வந்த மறுநாள் அக்கா தையல் கடைக்குப் போனார். தாயின் இயந்திரத்தில் மகள் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா தான் யார் என்று சொன்னதும் இயந்திரம் நிற்கவில்லை. அந்தக் காலர் முடிந்த பிறகுதான் நின்றது.

"எங்கம்மா இடது காலை இழுத்து நடப்பாங்க. அதக்கூட விடலையே நீங்க," என்றார் மகள்.

"மன்னிச்சுடும்மா."

"டிவில எல்லாரும் அதத்தான் பேசுறாங்க. எனக்கு அது பெருசாத் தெரியலைக்கா. அந்தத் தெருவுல தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பேப்பர்க்காரர்கள் கேட்கவில்லை. குழு கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தையல்காரி வேண்டியிருந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணீங்க?"

"கம்ப்யூட்டர்ல திருத்துனேன்மா. பலகையத் தள்ளி வச்சேன்."

"நாங்க என்ன, கம்ப்யூட்டர்லயா நடக்குறோம்?"

 அக்கா கடையில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மகள் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்த வளைவுல நாங்க எல்லாருமே ஹாரன் அடிச்சுக்கிட்டேதான்மா வருவோம். டிப்போல எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதிக் குடுத்ததில்ல. நானுந்தான்."

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என் கோபம் அந்த ஐந்து பேரோடு நிற்கவில்லை. ஒரு பணிமனை முழுக்க அந்த வளைவைத் தெரிந்து வைத்திருந்தது. எதிர்க்கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சாலையில் நான் நூறு முறை போயிருக்கிறேன். காலை எட்டி வைத்து ஓடித்தான் கடந்திருக்கிறேன். கடந்த பிறகு எனக்கென்ன என்று போய்விட்டேன்.

அக்கா நோட்டைப் படியெடுத்து, நகரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பலகையை அகற்றி, அங்கே ஒரு சிக்னல் வைக்க வேண்டும் என்று மனு. அங்கிருந்த அலுவலர் பக்கங்களைப் புரட்டினார்.

"யாரு எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. என் வேலைக்காக எண்ணுனேன்."

"என்ன வேலை?"

"விளையாட்டு செய்யுற கம்பெனி."

"ஓ, நீங்கதானா அது!" அலுவலர் கண்ணாடியைக் கழற்றி அக்காவை நன்றாகப் பார்த்தார். "இது விளையாட்டுக்கு எண்ணுன கணக்கும்மா. நிஜத்துக்கு ஆகாது."

"நிஜத்துல நின்னுதாங்க எண்ணுனேன். மழைலயும் நின்னேன்."

"ஒரு ஆளு எண்ணுனா அது அபிப்பிராயம். பொதுமக்கள் நாலு பேரு தனித்தனியா எண்ணி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, ஆய்வுக்கு எடுத்தே ஆகணும்னு விதி இருக்கு. எழுபத்திரெண்டாம் பிரிவு. யாரும் குடுத்ததில்ல, அதனால எடுத்ததில்ல."

திமிராகத்தான் சொன்னார். ஆனால் தன்னை அறியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார். அப்படி ஒரு விதி இருப்பதை அக்கா அன்றுதான் தெரிந்துகொண்டார். சட்டப் புத்தகத்தை எடுத்து நானும் சரிபார்த்தேன். இருக்கிறது.

நான்கு பேர் தேவை. அக்காவின் நோட்டு ஒன்று. வேலைக்குப் போகாத நாள்களில் கணவர் நின்று எண்ணியது இரண்டு. "உங்க வண்டி வர்ற நேரத்த மட்டும் விட்டுடாதீங்க, ஏமாத்துன மாதிரி ஆயிடும்," என்று அக்கா அவரை எச்சரித்திருக்கிறார். அவருடைய பேருந்தை அந்த நேரத்தில் ஓட்டிய மாற்று ஓட்டுநரும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தாராம். மூன்றாவது தையல் கடை மகள். கடைவாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் துணி, துணிமேல் தாள். நான்காவது ஆள் கிடைக்கவில்லை. கடைகடையாகக் கேட்டார்கள். "அந்த விளையாட்டுக்காரங்க விவகாரமா? நமக்கு எதுக்கும்மா வம்பு" என்றார்கள். இதற்கிடையில் விளம்பரப் பலகையில் புதிய படம் ஒட்டியிருக்கிறார்கள். 'வன்முறை விளையாட்டுகளிலிருந்து நம் குழந்தைகளைக் காப்போம்' என்று, சிரிக்கும் குழந்தையின் முகத்தோடு. அந்தக் குழந்தையின் முகத்துக்குப் பின்னாலிருந்துதான் வண்டிகள் இப்போது வருகின்றன.

சென்ற வாரம் நான் போனபோது ஒன்பதே கால். மகள் எதிர்ப்பக்கம் கடை திறக்கப் போவதற்காகக் கோட்டின் ஓரத்தில் நின்றார். அக்கா அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பலகையைத் தாண்டி, வளைவு முழுக்கத் தெரிகிற இடத்துக்கு நடந்துபோய், சாலைக்குள் ஓர் அடி வைத்து, வருகிற வண்டிகளைப் பார்த்து வலது கையை முழுக்க உயர்த்தினார். ஒரு சரக்கு வேன் கிறீச்சிட்டு நின்றது.

"ஏம்மா, சாகுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

"இதுதாங்க வசதியா இருக்கு," என்றார் அக்கா. கையை இறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, பலகைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெண்ணிடம் குரல் கொடுத்தார்: "போம்மா! மெதுவாவே போ!"

அந்த நான்காவது தாளுக்காக நான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன், அதை விடுங்கள். நீங்கள் தினமும் ஓடிக் கடக்கிற சாலை ஒன்று இருக்கும். நாளைக் காலை அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். கடக்க எத்தனை விநாடி, வண்டி கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து உங்களிடம் வர எத்தனை விநாடி என்று இரண்டே இரண்டு எண்களை எழுதுங்கள். பக்கத்தில் நிற்கிற மூன்று பேரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டு, உங்கள் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.